டார்வினைத் திருப்பியது குருவி அலகு மட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பரிணாமம் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதிலிருந்த ஒரு வரி என்னை எழுத உட்கார வைத்துவிட்டது. தென்னமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக் கடலிலுள்ள கலாபகோஸ் தீவுகளில் குருவிகளின் அலகைப் பார்த்த கணமே டார்வினுக்கு இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவதால் உயிரினம் மாறுகிறது என்ற கருத்து, பிடிபட்டுவிட்டது என்கிறது கட்டுரை. மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். விடைத்தாள் விடைத்தாளாக இதே வரியைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. எங்கே திரும்பினாலும் அந்த நாலு அலகுப் படம்தான்.

டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பல் கலாபகோஸை அடைந்தது 1835 செப்டம்பரில். ஏறக்குறைய ஐந்து வாரம் அங்கே இருந்தது. டார்வின் குருவிகளைச் சேகரித்தார், ஆனால் எது எந்தத் தீவில் கிடைத்தது என்று பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை. அவை எல்லாம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்றுகூட அவருக்கு அப்போது தெரியாது. 1837 ஜனவரியில் லண்டனில் பறவை நிபுணர் ஜான் கூல்ட் அவற்றை ஆராய்ந்து, அலகு எப்படி இருந்தாலும் இவை அனைத்தும் நெருங்கிய உறவுள்ள ஃபிஞ்ச் குருவிகள் என்று சொன்னார். அதன் பிறகுதான், கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயும் மற்றவர்களும் தீவுப் பெயரோடு வைத்திருந்த குருவிகளைக் கேட்டு வாங்கி, விட்டுப்போன விவரத்தை டார்வின் தேட வேண்டியிருந்தது.

அவரை முதலில் உறுத்தியது வேறொரு பறவை. மாக்கிங் பறவை என்பார்கள். சாம்பலும் பழுப்புமாக, பார்வைக்கு எளிய பறவை. முதல் தீவில் பார்த்ததும் இரண்டாவது தீவில் பார்த்ததும் ஒன்றாக இல்லை என்பது அங்கேயே அவர் கண்ணில் பட்டது. அதன்பின் இந்தப் பறவைகளை மட்டும் தீவு வாரியாகப் பிரித்து வைத்தார். ஃப்ளோரியானா தீவில் நிர்வாகியாக இருந்த நிக்கலஸ் லாசன், முதுகு ஓட்டின் வடிவத்தைப் பார்த்தே ஓர் ஆமை எந்தத் தீவுடையது என்று சொல்லிவிட முடியும் என்றிருந்தார். அந்தப் பேச்சின் கனம் டார்வினுக்கு உடனே உறைக்கவில்லை. கப்பலில் ஏற்றிய ஆமைகளைச் சமைத்துச் சாப்பிட்டார்கள், ஓடுகள் கடலுக்குப் போயின. 1836இல் ஊர் திரும்பும் வழியில்தான், மாக்கிங் பறவைகளையும் ஆமைகளையும் ஃபாக்லண்ட் தீவுகளின் நரியையும் சேர்த்து யோசித்து, இப்படிப்பட்ட செய்திகள் உயிரினங்கள் மாறாதவை என்ற நம்பிக்கையையே ஆட்டிவிடும் என்று குறிப்பேட்டில் எழுதினார். இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் அவரிடம் உருவானது 1838இல். 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற அவரது புகழ்பெற்ற நூலில் மாக்கிங் பறவைகள் இருக்கின்றன. குருவி அலகுக் கதை இல்லை.

இதையெல்லாம் வெறும் தகவல் பிழை என்று எழுதவில்லை, ஐயா. ஒரு நொடியில் உதித்த ஞானம் என்று சொல்லிவிட்டால், தீவுகள் உண்மையில் என்ன வேலை செய்தன என்பதே மறைந்துபோகிறது. உயிரினங்கள் மாறுமா என்ற ஒரு நீண்ட வழக்கில் அவை சாட்சி சொன்னவை. எதிர்த்தரப்பின் வாதம் லேசானதல்ல: ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்ற உயிர்கள் அங்கங்கே தனித்தனியாகப் படைக்கப்பட்டன என்றார்கள். அதற்கு டார்வின் கேட்டது எளிய கேள்வி. ஆப்பிரிக்காவை அடுத்த கேப் வெர்டி தீவுகளும் கலாபகோஸும் எரிமலை மண்ணிலும் வெப்பத்திலும் உயரத்திலும் ஒத்தவை. அப்படியானால் ஒன்றின் உயிர்கள் ஆப்பிரிக்கச் சாயலிலும் மற்றதன் உயிர்கள் தென்னமெரிக்கச் சாயலிலும் இருப்பானேன்? நடுக்கடல் தீவுகளில் இயல்பாகத் தவளை இல்லை, வௌவால் மட்டும் இருக்கிறது, ஏன்? தவளை அங்கே வாழ முடியாது என்று சொல்லவும் வழியில்லை. மனிதர்கள் கொண்டுபோய் விட்ட சில தீவுகளில் அது தொல்லையாகும் அளவுக்குப் பெருகிவிட்டது. தவளை முட்டை உப்புநீரில் பிழைக்காது, வௌவால் பறந்து வந்துவிடும். இதுதான் அவர் சொன்ன விடை.

சரி, விதைகள் எப்படிக் கடல் தாண்டும்? டார்வின் அதை வீட்டிலேயே சோதித்தார். 87 வகை விதைகளை உப்புநீரில் ஊறப்போட்டு 28 நாள் கழித்து விதைத்ததில் 64 வகை முளைத்தன. இந்தச் சோதனையை ஒரு பள்ளிக் குழந்தைகூடச் செய்து பார்க்கலாம். அலகுப் படத்தை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அட்லாண்டிக் கடலிலுள்ள மதேரா தீவின் வண்டுகளை எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கே வொல்லஸ்டன் என்ற ஆய்வாளர் கண்டறிந்த 550 வண்டினங்களில் 200 இனங்களால் பறக்க முடியாது. நன்றாகப் பறக்கும் வண்டைக் காற்று கடலில் தள்ளிவிடும், பறக்காதது தப்பும். ஆனால் அதே தீவில், பூக்களைத் தேடிப் பறந்தே ஆகவேண்டிய வண்டுகளுக்கு இறக்கை பெரிதாகியிருக்கிறது. கரைக்குப் பக்கத்தில் கப்பல் உடைந்தால், நன்றாக நீந்துகிறவன் இன்னும் நன்றாக நீந்தத் தெரிந்தால் பிழைப்பான்; நீந்தத் தெரியாதவன் உடைந்த பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பிழைப்பான் என்று இதற்கு டார்வின் உவமை சொன்னார். வண்டுகளைச் சேகரித்த வொல்லஸ்டனோ டார்வினின் முடிவை ஏற்காமல் 1860இல் எதிர்த்து விமர்சனம் எழுதினார்.

பரிணாமத்தை ஏற்றவர்களுக்குள்ளும் சண்டை ஓயவில்லை. ஹவாயில் பிறந்த மிஷனரி குடும்பத்துப் பிள்ளை ஜான் கியூலிக், ஓவாஹு தீவின் மர நத்தைகளைச் சேர்த்தார். ஒரு பள்ளத்தாக்கின் நத்தையும் அடுத்த பள்ளத்தாக்கின் நத்தையும் வேறு வேறு நிறம், வேறு வேறு கோடு. அதே செடி, அதே மழை. அப்படியானால் வேறுபாட்டைச் சூழல் தேர்ந்தெடுத்தது என்று எப்படிச் சொல்வது? பிரிந்து கிடப்பதே போதுமே என்று கேட்டார். நமக்கு ஒன்றாகத் தெரியும் சூழல் நத்தைக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று வாலஸ் மறுத்தார். மலாய்த் தீவுகளில் எட்டு ஆண்டு அலைந்தவர் அவர்; அந்த அலைச்சலின் நடுவே டார்வினைச் சாராமல் தானாகவே இயற்கைத் தேர்வைக் கண்டவர். 1858 ஜூலை 1 அன்று இருவரின் எழுத்தும் லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. என் மனம் இதில் கியூலிக் பக்கம்தான் சாய்கிறது. எல்லாக் கோட்டுக்கும் ஒரு பயன் இருந்தாக வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நத்தைகளில் பல இனங்கள் இன்று இல்லை. ஓர் இனத்தின் கடைசி நத்தை, காப்பகத்தில் ஜார்ஜ் என்று பெயரிட்டு வளர்த்தது, 2019 புத்தாண்டு நாளில் இறந்தது. விவாதம் பாக்கியிருக்கும்போதே சாட்சி போய்விடுகிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

குருவிகளுக்கும் உரிய இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த இடம் 1835இல் இல்லை. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் கலாபகோஸின் டாஃப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவில் குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறிய விதைகள் தீர்ந்து, நெருஞ்சி வகையின் முள் விதைகள் மிஞ்சின. நடுத்தரத் தரைக் குருவி என்ற இனத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் மடிந்தன. பிழைத்தவற்றில் தடித்த அலகுகளே அதிகம்; அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் சற்றே தடித்திருந்தது. 1983இல் பெருமழை வந்து சிறு விதைகள் பெருகிய பின், சிறிய அலகுகளுக்குக் காலம் வந்தது. தேர்வு எந்தப் பக்கமும் நிரந்தரமாகச் சாயாது என்பதை அளவுகோலோடு காட்டியது இந்த வேலைதான்.

அடுத்த முறை இந்தப் பொருளில் எழுதும்போது, அலகுப் படத்தின் கீழே 1835 என்று போடாமல் கிராண்ட் தம்பதியின் ஆண்டுகளைப் போடுங்கள். மதேரா வண்டுக்கும் ஓவாஹு நத்தைக்கும் தலா ஒரு பத்தியாவது கொடுங்கள். ஆசிரியர்கள் உங்கள் இணைப்பை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டுகிறார்கள், நானும் ஒட்டியவள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை