நகரா படத்துக்கு மாலை போட்டாயிற்று, பீரோவை எப்போது திறப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 17 வந்தால் ஊருக்கு ஊர் ஓய்வூதியர் தினக் கூட்டம் நடக்கிறது. டி.எஸ். நகரா படத்துக்கு மாலை, மூத்த உறுப்பினர்களுக்குச் சால்வை, அகவிலைப்படி பற்றி ஒரு தீர்மானம், மதியம் சாம்பார் சாதம். 1982-ல் அதே நாளில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்கான விழா இது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான 1979-ஆம் ஆண்டுக் குறிப்பாணையின் பழைய நகல் சங்கத்தில் இருக்கிறதா என்று கேட்டால், "பீரோவுல இருக்கும், தேடணும்" என்பார்கள். அந்தப் பீரோவில் கிடக்கும் ஓய்வூதியக் காகிதங்களைச் சேர்த்துக் காப்பது பற்றியதுதான் இந்தக் கடிதம்.

நகரா வழக்கே ஒரு தேதியில் தொங்கிய வழக்கு. மத்திய நிதி அமைச்சகம் 25-5-1979-ல் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அதுவரை கடைசி 36 மாதச் சம்பளத்தின் சராசரியில் கணக்கிட்ட ஓய்வூதியம், இனி 10 மாதச் சராசரியில் என்றது. முதல் 1,000 ரூபாய்க்கு 50 சதவீதம், அடுத்த 500-க்கு 45, மீதிக்கு 40, உச்சவரம்பு மாதம் 1,500 ரூபாய். நல்ல செய்திதான். ஆனால் 31-3-1979 அன்று பணியில் இருந்து, அன்றோ அதற்குப் பின்னோ ஓய்வு பெறுபவர்களுக்கு மட்டும். முந்தைய நாள் ஓய்வு பெற்றவருக்கு இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972-ல் ஓய்வு பெற்ற நகராவும், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும், எச்.டி. ஷோரி 1980-ல் தொடங்கிய 'காமன் காஸ்' சங்கமும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஐந்து நீதிபதிகள் அமர்வில் நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய தீர்ப்பு, ஆளைப் பிரித்த அந்தச் சில சொற்களை மட்டும் குறிப்பாணையிலிருந்து வெட்டி எறிந்தது. மீதி அப்படியே நின்றது. எந்தச் சொற்கள் என்று பார்க்க அந்தத் தாள் வேண்டும். மொத்தத் தொகையாக முன்கூட்டியே தொகுத்துப் பெற்ற (கம்யூட்டேஷன்) ஓய்வூதியப் பகுதி 15 ஆண்டுகளில் திரும்பக் கிடைப்பதும் அதே காமன் காஸ் 1986-ல் வாங்கித் தந்ததுதான். இன்று கம்யூட்டேஷன் பிடித்தம் நின்று முழு ஓய்வூதியம் வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு ஷோரியின் பெயர் தெரியும்?

அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாமா? அலுவலக நடைமுறை தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஓ.மு. (ஓராண்டு முடிவு) என்று போட்ட கோப்புக்கு ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்று, ப.மு. என்றால் பத்து ஆண்டு ஆயுள். அதன் பிறகு அழிப்புப் பட்டியல். தனி மனிதரின் ஓய்வூதிய முறையீடுகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்ட கண்டி அரசர் குடும்பத்துக்கும் ஆற்காடு நவாப் வாரிசுகளுக்கும் கம்பெனி அரசு கொடுத்த படிக்காசு பற்றி இன்றும் எழுத முடிகிறது. தாலுகா அலுவலக டவாலி ஒருவர் 1965-ல் என்ன வாங்கினார் என்று எழுத முடியவில்லை. மன்னர்களின் கோப்புக்கு 'நிரந்தரம்' என்று எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

தனியார் துறையில் இதைவிட மோசம். பி.எஃப். ஓய்வூதியர்களின் உயர் ஓய்வூதிய வழக்கில் 4-11-2022 அன்று தீர்ப்பு வந்ததும், முழுச் சம்பளத்தின் பேரில் பங்களிக்க நிர்வாகமும் தொழிலாளியும் சேர்ந்து முன்பு கொடுத்த கூட்டு விருப்பத்துக்கு ஆதாரம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. மூடிப்போன ஆலையின் பணியாளர் பிரிவுக் கோப்பு எங்கே இருக்கும்? இயந்திரத்தை ஏலம் எடுத்தவர் காகிதத்தை எடைக்குப் போட்டிருப்பார். அந்த நேரத்தில் கைகொடுத்தது சில தொழிற்சங்கச் செயலாளர்கள் வீட்டுப் பரணில் வைத்திருந்த நகல்கள்தான்.

லண்டனில் ஓய்வூதிய வரலாற்றுக்கென்றே ஓர் அறக்கட்டளை இருக்கிறது. ஓய்வூதியத் தொழிலிலேயே காலம் கழித்தவர்கள் சேர்ந்து உருவாக்கியது. அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், சொந்தமாகக் கட்டடம் கட்டாமல், சேர்த்த ஆவணங்களை லண்டன் மாநகர ஆவணக்காப்பகத்தில் ஒப்படைத்ததுதான். பாதுகாப்பும் வாசிப்பறையும் காப்பகத்தின் பொறுப்பு. பேசித் தேடிச் சேகரிப்பது அறக்கட்டளையின் பொறுப்பு. இங்கே யாராவது தொடங்கினாலும் இதுதான் வழி. நம் ஊரில் அறக்கட்டளை என்றால் முதலில் நிலம் வாங்கி அடிக்கல் நாட்டி, அத்தோடு காசு தீர்ந்துவிடும்.

ஆள் யார் யார் வேண்டும்? கருவூலத்தில் கணக்கராக இருந்த ஒருவர் கட்டாயம். கருவூலப் பில்களில் இருக்கும் சுருக்கக் குறிகளையும், சிவப்பு மையில் யார் எழுதுவார், பச்சை மையில் யார் எழுதுவார் என்பதையும் அவர்தான் படித்துச் சொல்ல முடியும். பழைய தமிழ்த் தட்டச்சர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், கணினி தெரிந்த இளையவர் இருவர். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிய ஏழு பேர் போதும். சங்கமாக வேண்டாம் என்றால் அறக்கட்டளைப் பத்திரமாக எழுதிச் சார்பதிவாளரிடம் பதியலாம். எதுவானாலும் ஒரு விதியை மறக்காமல் எழுத வேண்டும்: அமைப்பு கலைந்தால் ஆவணங்கள் எந்த நூலகத்துக்கு அல்லது காப்பகத்துக்குப் போகும், பழைய காகிதமாக விற்க எவருக்கும் உரிமை இல்லை என்று. செயலாளர் காலமாகி, வாடகை பாக்கி சேர்ந்து, சாவியை வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டால்தான் பெரும்பாலான சங்க ஆவணங்கள் அழிகின்றன. கரையானைவிட வாடகை பாக்கி தின்றதுதான் அதிகம்.

எதைச் சேர்ப்பது என்பதில் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. அரசாணைகளைத்தான் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். 1978-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளோ, 1-4-2003 முதல் வந்த பங்களிப்பு ஓய்வூதிய அரசாணையோ எங்காவது கிடைத்துவிடும். மத்திய அரசின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1986-ல் 375, 1996-ல் 1,275, 2006-ல் 3,500, 2016-ல் 9,000 ரூபாய் என்ற கணக்கும் கிடைக்கும். கிடைக்காதவை வேறு: சங்கத்தின் ரோனியோ (ஸ்டென்சில் நகல்) சுற்றறிக்கை, செயற்குழு மினிட் புத்தகம், சந்தா ரசீது அடிக்கட்டை, மறியல் நோட்டீஸ், குடும்ப ஓய்வூதியர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்த மறுமணம் செய்யாச் சான்று. தமிழ்நாட்டில் 1962-ல் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. அந்தப் பணம் வெகுகாலம் மணியார்டரில்தான் வந்தது. தபால்காரர் கிழித்துக் கொடுத்த கூப்பன் ஒன்று கிடைத்தாலும் அது புதையல், ஏனென்றால் வாங்கியவர்களில் யாரும் அதைப் பத்திரப்படுத்தியிருக்கக் காரணமே இல்லை.

கையில் வந்த காகிதத்தை என்ன செய்யக் கூடாது என்று முதலில் சொல்கிறோம். லேமினேட் செய்யக் கூடாது. பி.பி.ஓ.வை, அதாவது ஓய்வூதியம் வழங்கும் ஆணையை, கொண்டுபோய் ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்யும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலம் வெளியேற வழியில்லாமல் தாள் உள்ளிருந்தே பழுத்துப்போகும். அதோடு, கருவூலத்தில் மேற்கொண்டு ஒரு பதிவு போட வேண்டுமென்றால் எங்கே எழுதுவது? செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், புதிதாக ஒட்டவும் வேண்டாம். கிழிந்த தாளை ஒரு வெள்ளைத் தாள் மடிப்புக்குள் வைத்தாலே போதும். பளபளப்பான பி.வி.சி. ஃபோல்டர் ஆகாது, ஜெராக்ஸ் எழுத்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் துளை கிழிசலாகும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே அஞ்சலட்டை கனத்தில் ஒரு துண்டைச் செருகி, தாளைத் தொடாமல் ஊசியை மட்டும் நகர்த்தி எடுக்க வேண்டும். ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்தால் காய்ந்த பகுதி தானாக உதிரும், ஈரம் காட்டாதீர்கள். கட்டுவதற்குப் பருத்தி நாடா. 1990-களின் ஃபேக்ஸ் தாள் இருந்தால் அன்றைக்கே நகல் எடுங்கள். அது வெப்பத் தாள், எழுத்து மங்கிக்கொண்டே போகும், மங்கியது திரும்பாது.

பீரோ சுவரை ஒட்டக் கூடாது, தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். வேப்பிலை போடுவதென்றால் சருகாகக் காய்ந்த பிறகு. பச்சையாகப் போட்டால் ஈரத்தைக் கூட்டிப் பூஞ்சையை அழைக்கும். பூச்சிமருந்தைத் தாள்மேல் அடிக்கவே கூடாது. ஏ.சி. போட்டால் நல்லது என்கிறார்கள். 24 மணி நேரமும் ஓடினால் சரி. பகலில் ஓட்டி இரவில் அணைக்கும் ஏ.சி., சென்னை மாதிரி ஊரில் ஈரப்பதத்தை ஏற்றி இறக்கித் தாளைப் பாழாக்கும். அதைவிட மின்விசிறியும் காற்றோட்டமும் மேல். நனைந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் உலர்த்தியாக வேண்டும், அதற்குமேல் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் விரிக்காமல், நிழலில் விசிறிக்கு அடியில், நடுநடுவே அச்சடிக்காத தாள் வைத்து உலர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட தாள்களை ஈரத்தோடு பிரிக்க முயன்றுதான் 2015 வெள்ளத்துக்குப் பின் பலர் கெடுத்தார்கள்.

வந்த கட்டை வந்த வரிசையிலேயே வையுங்கள். தேதி வாரியாக அடுக்குகிறேன் என்று கலைத்தால், எந்தக் கடிதத்தோடு எது இணைப்பாக வந்தது என்ற தகவல் போய்விடும். வரவுப் பதிவேட்டில் ஐந்து பத்தி போதும்: வரிசை எண், வந்த தேதி, கொடுத்தவர், என்ன கட்டு, எத்தனை தாள்.

ஸ்கேன் செய்வதில் அவசரம் வேண்டாம். 300 டி.பி.ஐ., வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஊதா முத்திரையும் சிவப்புப் பென்சில் குறிப்பும் ஒன்றாகிவிடும். கைப்பேசிச் செயலிகளோ பென்சில் குறிப்பை அழுக்கு என்று நினைத்து அழித்தே விடுகின்றன. ஏ4 பக்கம் ஒன்று சுருக்காமல் சுமார் 26 எம்.பி. வரும். ஒரு டி.பி. வட்டில் 38 ஆயிரம் பக்கம் கொள்ளும், ஆகவே இடம் இல்லை என்பது சாக்கு. இரண்டு வட்டு, இரண்டு வெவ்வேறு வீடு, ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது. கோப்புப் பெயர் 1979-05-25 என்று ஆண்டில் தொடங்கினால் தானாக வரிசைப்படும். சங்க இதழ்களைப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்து வைத்திருப்பவர்கள் இப்போதே ஒரு தாள் பிரதி எடுத்துவிடுங்கள். எழுத்துரு இல்லாவிட்டால் திறந்தாலும் படிக்க முடியாது.

அந்தரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பி.பி.ஓ.வில் கூட்டுப் புகைப்படம், அங்க அடையாளம், வாரிசு விவரம் எல்லாம் இருக்கும். மூலத்தைக் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் கடைசி ஆள் இருக்கும்வரை வாங்கவே கூடாது. ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொண்டு, வங்கிக் கணக்கு எண்ணையும் ஆதாரின் முதல் எட்டு இலக்கத்தையும் மறைத்த பிரதியைத்தான் பார்வைக்கு வைக்க வேண்டும். கொடுப்பவரிடம் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்குங்கள்: யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டு கழித்து, வெளியிடலாமா.

தாளில் இல்லாததைப் பேசவைத்துப் பதிய வேண்டும். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் சொற்பொழிவுதான் வரும். கருவூலத்தில் டோக்கன் எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள், மஸ்டரிங்குக்கு (உயிரோடு இருப்பதை நேரில் காட்டும் நேர்காணல்) நடக்க முடியாதவரை எப்படிக் கூட்டிப் போனீர்கள், சான்றில் கையெழுத்துப் போட அதிகாரியை எங்கே பிடித்தீர்கள் என்று கேளுங்கள். சட்டையில் குத்தும் சிறிய மைக் போதும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், இதை மறந்து வீணான பதிவுகள் ஏராளம். ஆகவே காலை ஏழு மணிக்குப் போவது உத்தமம். பெண்களை, அதாவது குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்களை, முதலில் பதியுங்கள். சங்க மினிட் புத்தகங்களில் அவர்கள் பெயர் வருவதே அபூர்வம்.

இந்த டிசம்பர் கூட்ட அழைப்பிதழ்களில் ஒரு வரி கூடுதலாக அச்சடிக்கச் சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்: "பழைய சுற்றறிக்கை, ரசீது, மணியார்டர் கூப்பன் வைத்திருப்பவர்கள், ஊசியைக் கழற்றாமல் அப்படியே கொண்டுவரவும்."

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கருவூல, ஆவணக் காப்பு ஊழியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி