தாதியர் பராமரிப்புக்கும் ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையக வைத்தியசாலைகளில் நிலவும் தாதியர் பற்றாக்குறை குறித்துத் தங்கள் வாசகர் பக்கத்தில் வெளிவரும் கடிதங்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவை யாவும் நியாயமானவையே. ஆயினும் ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் இரக்கத்தின் பெயரால்தான் கேட்கின்றன. முப்பத்திரண்டு ஆண்டுகள் தேயிலைத் தோட்டக் காரியாலயத்தில் செக்ரோல் என்னும் தொழிலாளர் நாட்பேர்ப் பதிவேடும் பேரேடும் எழுதி, பிரதம லிகிதராக ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பணத்தை விடுவிக்கும் மேசைக்கு இரக்க மனு போனால் அது கோப்புக்குள் தங்கிவிடும். கூட்டிக் கழித்த கணக்கு போனால், அதை மறுப்பதற்காகவேனும் அந்த மேசையில் இருப்பவர் பேனையை எடுத்தாக வேண்டும். அரச வைத்தியசாலை ஒன்றுக்குப் புதிய தாதியர் பதவிகள் வேண்டுமாயின் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதிக்க வேண்டும். அங்கிருப்போர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை, அது அவர்களுடைய வேலையும் அன்று. அவர்கள் பார்ப்பது இலக்கங்களை. நாம் இதுவரை இலக்கங்களை அனுப்பியதாக எனக்குத் தெரியவில்லை.

என் குடும்பத்தில் நடந்ததையே கணக்காக வைக்கிறேன். 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என் அக்கா பாரிசவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்து, எங்கள் பகுதி வைத்தியசாலை ஒன்றில் அனுமதிக்கப்பட்டார். அவருக்கு நீண்ட காலமாக நீரிழிவும் உண்டு. வைத்தியம் நன்றாகவே நடந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்றார் வைத்தியர். ஆனால் நான்காம் நாளே இடுப்பெலும்பின் கீழே இரண்டு ரூபாக் குற்றி அளவில் சிவந்திருந்த இடம், அந்த எட்டாம் நாளில் தோல் உரிந்து, பத்தாம் நாளில் விரல் நுனி போகும் அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. படுக்கைப் புண். அக்கா வீடு திரும்பியது முப்பத்தோராம் நாள்.

தாதியர் மீது நான் குறை சொல்லவில்லை. நான் துணைக்கு நின்ற இரவுகளில் அந்த விடுதியில் முப்பத்தெட்டு நோயாளருக்கு இரண்டு தாதியர் இருந்தார்கள். இரவு ஏழு மணிக்கு ஏறும் கடமை காலை ஏழு மணிக்குத்தான் இறங்கும். விடியற்காலை மூன்று மணிக்கு அவர்களில் ஒருவர் மேசை விளக்கின் கீழ் அமர்ந்து, மருந்துப் பதிவேடு, சாப்பாட்டுப் பட்டியல், சேர்க்கைப் புத்தகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர் சேலைன் போத்தல்களை மாற்றிக்கொண்டிருந்தார். நான் எழுதுவினைஞனாக இருந்தவன். அந்த வேலையில் முக்கால்வாசி என்னைப் போன்ற ஒருவன் செய்யக்கூடிய வேலை என்பதைப் பார்த்தவுடனேயே கண்டுகொண்டேன். மூன்று ஆண்டுகள் அரசாங்கச் செலவில் பயின்று வந்த கை அதில் கட்டுண்டு கிடந்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். தானாகப் புரள முடியாத நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறையேனும் பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும் என்பது தாதியர் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப்படும் வழக்கமான விதி. நாளொன்றுக்குப் பன்னிரண்டு தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம், இரண்டு பேர். ஆக நாளொன்றுக்கு இரண்டு மணித்தியால உழைப்பு. எட்டு நாளைக்குப் பதினாறு மணித்தியாலம். இருவரில் ஒருவர் பயிற்றப்பட்ட சிற்றூழியராக இருந்தாலும் போதும். அந்தப் பதினாறு மணித்தியாலம் இல்லாத காரணத்தால் நடந்தது என்ன? மேலதிகமாக இருபத்து மூன்று நாட்கள், நாளுக்கு இரண்டு முறை புண்ணைக் கழுவி மருந்து கட்டினார்கள். நாற்பத்தாறு கட்டு. ஒரு கட்டுக்கு இருபது நிமிடம் என்றால் பதினைந்து மணித்தியாலத்துக்கும் மேல், அதுவும் முழுக்கத் தாதியின் உழைப்பு. அதாவது உழைப்பு மிச்சமாகவே இல்லை. முதலில் கொடுக்காததைப் பின்னர் அப்படியே கொடுத்தார்கள். அதற்கு மேல் கோஸ், நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள், இருபத்து மூன்று நாள் சாப்பாடு, வேறொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய கட்டில் ஆகியன வட்டியாகச் சேர்ந்தன.

குடும்பத்தின் பக்கத்திலும் ஒரு செலவுப் பக்கம் இருக்கிறது. அக்காவின் மகள் கொழுந்து பறிப்பவர். தாய்க்குத் துணையாக நின்ற அந்த இருபத்து மூன்று நாளில் ஞாயிறுகளைக் கழித்தால் இருபது நாள் அவருக்குச் செக்ரோலில் பேர் விழவில்லை. 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தின்படி 27,000 ரூபா. வேன் கூலியை இதில் சேர்க்கவில்லை. இந்தத் தொகை எந்த அரசாங்க ஏட்டிலும் பதியப்படாது.

நமது இலவச சுகாதார சேவையின் பெருமை, நோயாளியின் கையில் பட்டியல் கொடுக்கப்படாதது. அதே காரணத்தால் தவறான பராமரிப்புக்கும் பட்டியல் எழுதப்படுவதில்லை. தாதியின் சம்பளம் ஒரு தலைப்பில், மருந்து வேறொரு தலைப்பில், உணவும் துணி வெளுப்பும் மற்றொன்றில் இருக்கும்போது, ஒரு தலைப்பில் குறைத்தது மற்றொரு தலைப்பில் கூடியதை யாரும் ஒரே தாளில் காண்பதில்லை. தோட்டத்தில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏழு நாளைக்கு ஒரு தடவை கொழுந்து எடுக்க வேண்டிய மலையை, ஆட்செலவு குறையட்டும் என்று பன்னிரண்டு நாளைக்குத் தள்ளும் தோட்ட முகாமையாளர்களான துரைமார் இருந்தார்கள். அந்த மாதச் சம்பளப் பட்டியல் மெலிந்து அழகாகத் தெரியும். முற்றிய இலை தொழிற்சாலைக்கு வந்து, கொழும்பு ஏலத்தில் விலை இறங்கும்போது, அது தொழிற்சாலையில் தேயிலை தயாரிக்கும் மேக்கரின் பிழையாகிவிடும்.

செலவைக் கண்ணுக்குத் தெரியவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு அனுபவம் உண்டு. அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதித் திட்டமான மெடிகெயார், வைத்தியசாலைக்குள் உண்டான ஆழமான படுக்கைப் புண்ணுக்காக மேலதிகப் பணம் தருவதை 2008 ஒக்டோபரில் நிறுத்தியது. அதன் பின்னர் அந்தப் புண் வைத்தியசாலையின் சொந்தக் கைக்காசானது. இதைவிட நமக்குப் பயன்படக்கூடியது அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் அனுபவம். அங்கு 2016 இல், அரச வைத்தியசாலைகள் 27 இன் குறிப்பிட்ட விடுதிகளில், பகலில் சராசரியாக நான்கு நோயாளருக்கும் இரவில் ஏழு நோயாளருக்கும் ஒரு தாதி இருக்க வேண்டும் எனச் சட்டம் செய்தார்கள். அதன் விளைவை ஆராய்ந்த கட்டுரை 2021 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. முதல் இரண்டு ஆண்டுகளில் மேலதிகத் தாதியருக்கான செலவு ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர். தங்கும் நாட்கள் குறைந்ததாலும் மீண்டும் அனுமதிக்கப்படுவோர் குறைந்ததாலும் மிச்சமானது ஏறத்தாழ 6 கோடியே 90 இலட்சம் டொலர். போட்டதைப் போல இரண்டு மடங்கு திரும்பியது.

நமது விடுதியில் ஒரு தாதிக்குப் பத்தொன்பது பேர் என்றிருக்கும்போது ஏழு பேர் வேண்டும் என்று நாளைக்கே கேட்பது நகைப்புக்கிடமாகும். அதை நான் கேட்கவுமில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மிச்சமாகும் கட்டில்நாள் திறைசேரிக்குக் காசாகத் திரும்பி வராது, ஏனெனில் கட்டில் காலியானதும் அடுத்த நோயாளி அதில் படுப்பார். புதிய தாதியின் சம்பளமோ மாதந்தோறும் காசாகவே வெளியேறும். கணக்குத் தெரிந்த அதிகாரி இதைத்தான் முதலில் கேட்பார். அவருக்கான பதில் வேறு திசையில் இருக்கிறது. இருக்கும் கட்டில்களிலேயே கூடுதலான நோயாளரைப் பார்க்க முடியுமானால், தரையில் பாய் விரித்துப் படுப்போர் குறைவார்கள், புதிய கட்டடம் கேட்கும் காலம் தள்ளிப்போகும். 2017 இல் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு டிக்கோயாவில் திறக்கப்பட்டதைப் போன்ற வைத்தியசாலைக் கட்டடம் எப்போதும் நன்கொடையாகக் கிடைத்துக்கொண்டிருக்காது. மருந்தும் கட்டுத்துணியும் உண்மையான காசாகவே மிச்சமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தாதியர் விலகிச் செல்வதும் ஒரு செலவே. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளைக் கொண்டு 2002 இல் வெளியான ஆய்வொன்று, ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடும்போது நோயாளர் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், தாதி மனஞ்சோர்ந்து போகும் வாய்ப்பு 23 சதவீதமும் அதிகரிப்பதோடு தொடர்புடையது என்று கண்டது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டை விட்டுப் போன தாதியரைச் சம்பளத்துக்காகப் போனவர்கள் என்று மட்டும் எழுதிவிடுகிறோம். முப்பத்தெட்டுப் பேரை இரவு முழுதும் பார்த்தவர் போவதற்கு வேறு காரணமும் இருக்கும்.

மலையகத்துக்கே உரிய செலவு ஒன்று மொழி. அக்கா மூன்றாம் நாளிலிருந்து “முதுகு காந்துது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று கடமையிலிருந்த தாதி சிங்களவர், மிகவும் அன்பானவர், ‘வலி’, ‘சாப்பாடு’, ‘தண்ணீர்’ என்பன போன்ற சில தமிழ்ச் சொற்களையும் பழகி வைத்திருந்தார். எரிகிறது என்று பொருள்படும் ‘காந்துது’ அவருக்குப் புரியவில்லை. முதுகில் வலி என்று எடுத்துக்கொண்டு இரண்டு பரசிட்டமோல் கொடுத்தார். அந்தச் சொல் புரிந்திருந்தால் அவர் புரட்டிப் பார்த்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழும் அரசகரும மொழியென 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டதை உரிமையாக வாதிட்டு வருகிறோம், வாதிடத்தான் வேண்டும். இருபத்து மூன்று கட்டில்நாட்களாகவும் அதை எழுதிக் காட்டலாம் என்பது என் எண்ணம். தோட்டப் பிள்ளைகள் தாதியராக வந்தால் இது தீரும் என்பார்கள். அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும், அந்தப் பிரிவு இல்லாத பாடசாலைகளோ எங்கள் பக்கத்தில் ஏராளம். அது தனிக் கடிதத்துக்குரிய விடயம்.

ஆகவே மாகாண சுகாதார அதிகாரிகளிடமும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களிடமும் நான் கேட்பது சிறிய ஒன்று. மலையகத்தில் ஏதேனும் ஒரு வைத்தியசாலையில், ஒரே ஒரு விடுதியில், ஓராண்டுக்குக் கணக்கு வையுங்கள். விடுதிக்குள் வந்த பின் உண்டான படுக்கைப் புண்கள், கட்டிலிலிருந்து விழுந்தவர்கள், முப்பது நாளுக்குள் அதே நோயோடு திரும்பி வந்தவர்கள், வைத்தியர் போகலாம் என்ற பின்னும் தங்க நேர்ந்த நாட்கள் ஆகியவற்றை விடுதிப் பொறுப்புத் தாதி குறிக்கட்டும். அவற்றின் விலையைக் கணக்காளர் எழுதட்டும். முதல் ஆறு மாதம் இன்றுள்ளபடியே நடக்கட்டும். அடுத்த ஆறு மாதம் அந்த விடுதிக்குத் தமிழும் சிங்களமும் தெரிந்த எழுதுவினைஞர் ஒருவரையும், இரவுக்கு மேலதிகமாக ஒரு சிற்றூழியரையும், இரண்டு காற்று மெத்தைகளையும் கொடுங்கள். நோயாளி வந்த அன்றே பிரேடன் அளவுகோலின்படி புண் வரக்கூடியவர் யார் என்று புள்ளியிட்டு, அவர்களுடைய கட்டிலில் மட்டும் பக்கம் மாற்றும் அட்டையைத் தொங்கவிட்டால் போதும். இரண்டு அரையாண்டுகளையும் ஒரே தாளில் எழுதித் திறைசேரிக்கு அனுப்புங்கள். மிச்சம் எதுவும் தெரியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

வேலைப்பளுவின் நடுவே இந்த ஏட்டை எழுத ஆளில்லை என்று எந்த வைத்தியசாலையேனும் சொல்லுமாயின், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய எந்த இடத்துக்கும் வாரம் இரண்டு நாள் வந்து, ஊதியமின்றி எழுதிக்கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். அக்காவின் புண் நான்காம் மாதம்தான் முழுமையாக மூடியது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இப்போது அவரைப் புரட்டுவது அவருடைய மகள். இரவு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பிரதம லிகிதர்,
ஹட்டன்.