‘புதிய பறவை’யில் மற்றவர்களும் இருந்தார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ‘புதிய பறவை’ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சிவாஜியின் நடிப்பைக் கட்டுரையாளர் மனம் நிறையப் புகழ்ந்திருக்கிறார். அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் கட்டுரை முழுக்க அவர் ஒருவர்தான் நிற்கிறார். சரோஜாதேவிக்கு ஒரு வரி, சௌகார் ஜானகிக்கு அரை வரி, இயக்குநர் பெயரே இல்லை. போதாக்குறைக்கு இரண்டாவது பத்தியிலேயே கதையின் முடிவையும் போட்டு உடைத்துவிட்டார்கள். இந்தப் படத்தை இன்னும் பார்க்காத பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் முடிவைச் சொல்லாமலே எழுதுகிறேன்.

1964-ல் வந்த இந்தப் படத்தை இயக்கியவர் தாதா மிராசி. அதற்கு முந்தைய வருடம் ‘இரத்தத் திலகம்’ எடுத்தவரும் அவர்தான். கதையின் மூலம் 1958-ல் வந்த ‘சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ’ என்ற ஆங்கிலப் படம். அதில் ஒரு பணக்காரப் பெண்ணிடம் ஒருவன் வந்து, செத்துப்போன உன் அண்ணன் நான்தான் என்று சொல்லி வீட்டுக்குள் நுழைகிறான். வங்காளத்தில் 1963-ல் உத்தம்குமார் நடித்த ‘சேஷ் அங்க’ அதைக் கணவன் மனைவி கதையாக மாற்றியது. அங்கேதான் இந்தக் கதைக்குள் காதல் வந்தது. பயமும் காதலும் ஒரே வீட்டில் குடியிருக்கும் அந்தக் கதையை, நம் வீட்டுப் பேச்சில் ஆரூர்தாஸ் வசனமாக எழுதினார். ‘பாசமல’ரில் அழ வைத்த அதே பேனா. 2022-ல் அவர் காலமானபோது எத்தனை பத்திரிகைகள் ‘புதிய பறவை’யை நினைத்துக்கொண்டன?

அப்புறம் சௌகார் ஜானகி. எனக்கு ஆற்றாமை இவரைப் பற்றித்தான். 1961-ல் வந்த ‘பாலும் பழமும்’ படத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதிலும் இதே மூன்று பேர். இறந்துவிட்டதாக நம்பப்படும் முதல் மனைவி சரோஜாதேவி, இரண்டாவதாக வாழ வருபவர் சௌகார். மூன்று வருடம் கழித்து அந்த இரண்டு பேரின் இடத்தையும் அப்படியே மாற்றிப் போட்டுவிட்டார்கள். இப்போது செத்துப்போன முதல் மனைவி சௌகார், புதிதாக வருபவர் சரோஜாதேவி. அழுது அழுதே நமக்குப் பழக்கமான சௌகாரை, சிங்கப்பூர் கிளப்பில் பாடி மயக்கும் சித்ராவாக முதன்முதலில் பார்த்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ படத்தில் இரண்டு முறை வருகிறது. முதல் முறை கண்ணாலேயே சிரித்துக்கொண்டு பாடுகிறார். இரண்டாம் முறை பாட்டு மெதுவாக வரும்போது அதே முகம் வயிற்றைக் கலக்குகிறது. கல்யாணம் கூடிவரும் நேரத்தில், மாமா என்று எம்.ஆர்.ராதாவையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்பாரே, அந்த இடத்தில் அவர் குரலை உயர்த்துவதே இல்லை. சொந்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி நடந்து வருகிறார். அந்த நடைதான் பயமே.

சரோஜாதேவி என்றால் ‘கோபால்’ என்று கூப்பிட்டுக் காட்டுவதோடு மேடை மிமிக்ரிக்காரர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். முடிவு தெரிந்த பிறகு ஒருதரம் அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள். கோபாலாக வரும் சிவாஜி பேசும்போது அவர் பார்க்கும் பார்வை, பதில் சொல்லும் முன் எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்ன நேரம், எல்லாவற்றுக்கும் வேறொரு அர்த்தம் கிடைக்கும். அதை அவர் முதல் காட்சியிலிருந்தே சுமந்துகொண்டு நடித்திருக்கிறார். 2025 ஜூலையில் அவர் போனபோதாவது இதை யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

இந்த இரண்டு பெண்களுக்கும் பாடியது ஒரே குரல், பி.சுசீலா. ‘சிட்டுக்குருவி’யில் துள்ளுகிறவரும் அவர்தான், கிளப்பில் குழைகிறவரும் அவர்தான். விஸ்வநாதன்-ராமமூர்த்தி 1965-ல் பிரிந்துவிட்டார்கள். பிரிவதற்குச் சற்று முன்னால் சேர்ந்து கொடுத்த பாட்டுகள் இவை. ‘எங்கே நிம்மதி’யில் கண்ணதாசன் வரியும் டி.எம்.எஸ். குரலும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் எழுந்து வரும் வாத்தியக் கூட்டத்தையும் கோரஸையும் வாசித்தவர், பாடியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பாட்டின் வண்ணங்களைப் படம் பிடித்த கே.எஸ்.பிரசாத்தின் பெயரை எங்கள் ஊரில் பழைய பாட்டுக்கு உயிரை விடுகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் படத்தில் தனியாக ஒரு விஷயம் உண்டு. கதாநாயகனை ஆட்டிவைப்பது ரயில் சத்தம். படம் வந்த காலத்தில் இந்த மாவட்டத்தில் ரயிலே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை வந்தது 1979-ல்தான். அதற்கு முன் ரயில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். எங்க அம்மை ரயிலைக் கண்ணால் பார்க்கும் முன்பே இந்தப் படத்தில் அதன் சத்தத்தைக் கேட்டு நடுங்கியவள். “அந்தக் கூவல் கேட்டாலே எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிரும் மக்களே” என்பாள். இப்போது இரணியலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தினமும் ரயில் போகிறது. நேரில் பார்த்திராத ஒன்றை வெறும் சத்தத்தால் இப்படிப் பயமாக்கிக் காட்டிய ஒலிக்கலைஞர்கள் யார், எப்படிச் செய்தார்கள்? இதை ஒரு பத்திரிகை அல்லவா தோண்டி எடுத்துத் தர வேண்டும்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து கலைவாணரான என்.எஸ்.கிருஷ்ணனின் மண் இது. கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு படத்தை எப்படித் தூக்கி நிறுத்துவார்கள் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். நாகேஷ், மனோரமா, வி.கே.ராமசாமி என்று இந்தப் படத்தில் அப்படி எத்தனை பேர்!

முன்பெல்லாம் ‘எழுத்து போடும்போதே போய் உட்காரணும்’ என்பார்கள். படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள் முதலில் வருமே, அதுதான் எழுத்து. இப்போது டி.வி.யில் எழுத்தை வெட்டிவிட்டு நேரே கதைக்குப் போகிறார்கள், போனில் பார்க்கிறவர்கள் தள்ளிவிட்டுப் பார்க்கிறார்கள். போன மாதம் எங்கள் ஊர் படிப்பகத்தில் இந்தப் படத்தைப் போட்டபோதும் அதுதான் நடந்தது. நான் எழுந்து சொன்ன பிறகு முதலிலிருந்து போட்டார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். பழைய படங்களைப் பற்றி எழுதும்போது கட்டுரைக்குக் கீழே ஒரு பெட்டி கட்டி, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கலை, ஒலிப்பதிவு, உடை, ஒப்பனை எல்லாவற்றுக்கும் உரியவர்களின் பெயரைப் போடுங்கள். ‘புதிய பறவை’யிலிருந்தே அதைத் தொடங்கலாம். 2022-ல் பத்மஸ்ரீ பெற்ற சௌகார் ஜானகி அம்மாவிடம் ஒரு நிருபரை அனுப்பி, சித்ரா வேடத்தைப் பற்றி மட்டும் விரிவாகக் கேட்டு வெளியிடுங்கள். பக்கம் போதாது என்றால் இரண்டு இதழாகப் போட்டாலும் சரி, நாங்கள் காத்திருந்து படிப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
இரணியல், கன்னியாகுமரி மாவட்டம்.