பர்ன்ஸ் குதிரைக்கு அவசரப்படாதே

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய படத்தை நானும் அம்மாவும் பார்த்தோம். பிடரியெல்லாம் சடை விழுந்த பழுப்புப் பெட்டைக் குதிரை. அழகுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஓரிகனில், பிடித்த காட்டுக் குதிரைகளை அரசாங்கம் அடைத்து வைத்திருக்கும் பர்ன்ஸ் பட்டியில் 125 டாலருக்குக் கிடைக்கிறது, மற்றதை நானே பழக்கிக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் யோசி. மலையில் திரியும்போது பாறையில் தேய்ந்தே அதன் குளம்பு அளவாக இருக்கும். உன் பட்டியின் மெத்து மண்ணில் நின்றால் அது வளர்ந்துகொண்டே போகும், சீவியே ஆக வேண்டும். காலைத் தூக்கக் கொடுக்காத குதிரையிடம் எந்த லாடக்காரர் வருவார்? வேலைக்கும் போய்க்கொண்டு, தனி ஆளாக, அதை எப்போது பழக்குவாய்? இப்படி ஆசையாகக் கொண்டுபோய், சமாளிக்க முடியாமல் கைமாற்றி, கடைசியில் ஏலக் கூடத்தில் யார் கையிலோ போய்ச் சேர்ந்த குதிரைகள் உண்டு.

பழக்கிய குதிரைகளை விற்கும் ஏலம் ஒன்று உண்டு, போன தடவை அதற்காகக் கார்சன் சிட்டி சிறைக்குப் போயிருந்தேன். நெவாடா மலைகளில் பிடித்த மஸ்டாங் என்கிற காட்டுக் குதிரைகளை அங்கே கைதிகள்தான் நாலு மாதம் போலப் பழக்கி, சேணம் போட்டு ஓட்டிக் காட்டுகிறார்கள். பலர் உள்ளே வரும்வரை குதிரையைத் தொட்டதே இல்லையாம். ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலில் வட்டப் பட்டிக்குள் சும்மா நிற்பதுதான் வேலை என்றார். குதிரை அவர் பக்கம் ஒரு காதைத் திருப்பினால் போதும், உடனே ஓரடி பின்வாங்கிவிடுவாராம். நெருக்கினால் ஓடும், விட்டுக்கொடுத்தால் யோசிக்கும். தாடை தளர்ந்து, உதட்டை நக்கி மென்றால் இறுக்கம் குறைகிறது என்று அவர்களுக்குக் கணக்கு. பயம் போவதற்காகத் தார்ப்பாயை இடப்பக்கம் காட்டிப் பழக்கினால் ஆயிற்று என்று விடுவதில்லை, வலப்பக்கமும் முதலிலிருந்து காட்டுகிறார்கள். இடது கண் பார்த்ததை வலது கண் நம்பாது என்றார் சிரித்துக்கொண்டே.

அன்றைக்கு ஓடிய ஒரு சாம்பல் குதிரையின் கழுத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இடப்பக்கம், பிடரிக்குக் கீழே, கோணல் கோணலாக வெள்ளை முடியில் குறி. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த இரும்பை வைத்து எடுத்தது. பிறந்த வருஷமும் பதிவு எண்ணும் அதில் இருக்கிறது. அந்தக் குதிரை மேல் ஒரு மழைக்கோட்டைச் சடசடவென்று உதறிப் போட்டார்கள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

இந்தக் குதிரைகள் எல்லைக் காவல் படைக்குப் போகின்றன. கலிஃபோர்னியாவில் பார்ஸ்டோவிலுள்ள மரைன் படையின் குதிரை அணிவகுப்பில் கொடி பிடித்துப் போனவையும் மஸ்டாங்குகள்தான். நல்ல குதிரை என்றால் விலை சில ஆயிரம் டாலர் வரை ஏறும், அது உண்மை. பாதியை நான் தருகிறேன். (அம்மாவுக்கு இன்னும் தெரியாது.)

காட்டுக் குதிரையை ஏன் பிடிக்க வேண்டும், அப்படியே விட்டுவிடலாமே என்று நீ சின்ன வயதில் கேட்பாய். அதைக் காக்கச் சட்டம் வந்தது 1971இல். நம் ரீனோவில் வேலை பார்த்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி வருஷக்கணக்காகப் போராடினார், பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். ஆனால் புல்லும் தண்ணீரும் அதே அளவுதான், மந்தை பெருகிக்கொண்டே போகிறது. ஹெலிகாப்டர் வைத்து விரட்டுவது எனக்கும் பிடிக்காது. கருத்தடை ஊசியை இன்னும் நிறையப் போடலாம் என்பதுதான் என் கட்சி. அது எப்படிப் போனாலும், பிடித்து அடைத்தவற்றுக்கு வீடு வேண்டுமே. அதனால் உன் ஆசையை நான் தடுக்கவில்லை, முதல் குதிரை பழகிய குதிரையாக இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். அதோடு இரண்டு வருஷம் இருந்து பார். அப்புறம் பர்ன்ஸுக்கு நானே வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறேன்.

பழகாத பெரிய குதிரைக்கு என்றால் அரசாங்கத்தில் ஆறடி வேலி கேட்பார்கள், குதிரைக்கு 400 சதுர அடியாவது பட்டி வேண்டும். முள்கம்பி கூடவே கூடாது. முதல் வருஷம் முழுக்க அது அரசாங்கத்தின் குதிரைதான், நீ சரியாக வைத்திருந்தால்தான் பட்டா உன் பேருக்கு வரும். உன் பின்பக்க வேலி நாலடி தாண்டாது என்று எனக்கு ஞாபகம். அளந்து சொல்.

அடுத்த ஏலத் தேதி தெரிந்ததும் அனுப்புகிறேன். லீவு போட முடியுமா பார். ட்ரெய்லர் இரவல் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா