நம் மன்றத்தின் ஆண்டறிக்கை: அன்றாடச் சமையலும் குறிப்பேடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் நம் மன்றத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதாந்திரப் பகிர்வு உணவுக் கூட்டம் எல்லா மாதமும் நடந்தது. மழை காரணமாக ஒரு கூட்டம் மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போனது. செயற்குழு விதிப்படி கூடியது. புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். வீடு மாறிப் போன சிலர் விலகினார்கள். விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காய் நறுக்கும் பயிற்சி நல்லபடியாக நடந்தது. உடைந்த மேசை சரிசெய்யப்பட்டது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு வீட்டில் என்ன சமையலோ அதைக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது, அந்தச் சாப்பாட்டோடு ஒட்டியிருக்கும் நினைவுகளைப் பேசுவது. இதுதான் நம் மன்றத்தின் நோக்கம், விதிமுறையின் முதல் வரியும் இதுதான். ஆனால் இந்த ஆண்டு மேசைக்கு வந்த பாத்திரங்களில் பாதிக்கு மேல் விருந்துச் சமையல். சில பாத்திரங்களில் இருந்தது வெளியில் வாங்கியது என்று பார்த்ததும் தெரிந்தது. பிரியத்தோடுதான் கொண்டுவருகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் விளைவை ஒரு செயலாளராக நான் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து வராத உறுப்பினர்களிடம் பேசிப் பார்த்தேன். வேலை, உடல்நலம் என்று காரணம் சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சொன்ன பதில் வேறு: "கொண்டு வர்ற மாதிரி எதுவும் சமைக்கல." வெறும் பருப்பும் சோறும் செய்த வீட்டுக்காரர், பக்கத்தில் முந்திரி தூவிய பாத்திரம் இருக்கும் என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அந்தப் பருப்புச் சோற்றுக்காகத்தான் இந்த மன்றமே தொடங்கப்பட்டது. வருகைப் பதிவேட்டில் உள்ள வெற்றிடங்களுக்கு வராதவர்களை மட்டும் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

அதே காரணத்தால்தான், வீட்டு அன்றாடச் சமையலை அளவோடும் நினைவோடும் எழுதிவைக்கும் குறிப்பேட்டு வேலையை இந்த ஆண்டு முன்னெடுத்தேன். செயற்குழுவில் இதைப் பற்றி இரண்டு கருத்து இருந்தது. சிறப்புச் சமையல் குறிப்புகளை மட்டும் தொகுத்துப் புத்தகமாக்கினால் விற்கலாம், மன்றத்துக்கு வருமானம் வரும் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. விசேஷச் சமையலைப் பலர் கூடிச் செய்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஒருவர் மறந்தாலும் இன்னொருவருக்கு நினைவிருக்கும். செவ்வாய்க்கிழமை இரவு அவசரத்தில் வைக்கும் குழம்பை யாரும் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. "அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு" என்று சமைப்பவரே கேட்பார். பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் தேடப் போவது அந்தக் குழம்பைத்தான். யுனெஸ்கோ 2003ல் பண்பாட்டு மரபுகளைக் காக்க ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. கைவினை, கலை, சடங்கு போன்ற, கையால் தொட முடியாத மரபுகளுக்கான உடன்படிக்கை அது. 2010ல் உணவு வழக்கங்களும் அந்த உடன்படிக்கையின் மரபுப் பட்டியலில் இடம்பிடித்தன. உலக அளவில் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டு அடுப்படியில் இருப்பதை அந்த வீட்டுக்காரர்கள்தான் எழுதியாக வேண்டும்.

சரி, எழுதுவது எப்படி? ஆரம்பத்தில் வந்த பக்கங்கள் எல்லாவற்றிலும் "உப்பு தேவையான அளவு", "ஒரு கரண்டி", "ஒரு கைப்பிடி" என்றே இருந்தது. இரண்டு வீட்டுக் கரண்டிகளை எடைபோட்டுப் பார்த்தோம். ஒன்றில் கொள்வது மற்றதில் பாதிகூட இல்லை. கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது, கல்லுக்கு நடுவே காற்று இருக்கிறது. சமைப்பவரிடம் அளவுக் கோப்பையைக் கொடுத்தால் கை தடுமாறுகிறது, வழக்கமான பக்குவம் போய்விடுகிறது. அதனால் சமைப்பவரை அவர் போக்கிலேயே விட்டுவிட்டோம். உப்பு ஜாடி, எண்ணெய்ப் பாத்திரம், பொடி டப்பா எல்லாவற்றையும் சமையலுக்கு முன் ஒரு தடவை, சமையல் முடிந்தபின் ஒரு தடவை எடைபோடுவோம். வித்தியாசம்தான் அவர் போட்ட அளவு. சிட்டிகை அளவைச் சாதாரணச் சமையலறைத் தராசு காட்டாது. அதனால் பத்து சிட்டிகையைச் சேர்த்து எடைபோட்டுப் பத்தால் வகுத்தோம். பாத்திரத்தின் வாய் அகலத்தையும் குறித்தோம், ஏனென்றால் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

தராசையும் உணவு வெப்பமானியையும் செயற்குழுக் கூட்டத்துக்குக் காத்திராமல் வாங்கினேன் என்பது பேசப்பட்டது. சமைத்துக் காட்ட ஒப்புக்கொண்டவர்களில் வயதானவர்களே அதிகம். அவர்களுக்கு வசதியான நாளை நாம்தான் அனுசரிக்க வேண்டும், கூட்டத் தேதிக்காக அவர்களைக் காக்க வைப்பது முறையல்ல. இரண்டு பொருள்களும் மன்றத்தின் சொத்தாக இருப்புப் பதிவேட்டில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம்.

இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஜாடியில் குறைந்த எடையைச் சாப்பிடுபவர்கள் எண்ணிக்கையால் வகுத்ததும், ஒரு வேளைக்கே எவ்வளவு போகிறது என்று பலருக்கு முதல்முறையாகத் தெரிந்தது. வயதாக ஆக மோப்பமும் சுவை உணர்வும் குறைவதால், சிலர் தங்களுக்குத் தெரியாமலே உப்பைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அதனால் இப்போது நாம் எடைபோடும் அளவு அந்தக் காலத்து அளவுதானா என்று, அதே சமையலை முன்பு சாப்பிட்ட இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறோம். வித்தியாசம் இருந்தால் இரண்டு அளவையும் எழுதுகிறோம்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் "ஏன்" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது. பருப்பு நன்றாக வெந்த பிறகே புளியையும் தக்காளியையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, அவர் தாயார் அப்படித்தான் செய்வார் என்றார். காரணம் உண்டு. பருப்பின் செல் சுவர்களை ஒட்டவைக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு மசியும். புளிப்பு அந்தக் கரைதலைத் தாமதப்படுத்தும். கால்சியம் மிகுந்த கடின நீரும் அதையே செய்யும். வெக்கையிலும் ஈரத்திலும் வெகுநாள் கிடந்த பழைய பருப்பு எவ்வளவு கொதித்தாலும் முரண்டு பிடிக்கும். மலைப்பகுதியில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால், திறந்த பாத்திரத்தில் இன்னும் நேரமாகும். அந்தத் தாயாருக்கு பெக்டின் என்ற பேர் தெரிந்திருக்காது, ஆனால் வரிசை தெரிந்திருந்தது. பேரனோ பேத்தியோ வேறு ஊரில், வேறு தண்ணீரில் சமைக்கும்போது வரிசையோடு காரணமும் கையில் இருந்தால் சமாளித்துக்கொள்வார்கள்.

நினைவுப் பகுதிக்குக் கேள்விகள் சிலவற்றைத் தந்திருந்தேன். இதை யாரிடம் கற்றீர்கள், யாருக்கு முதலில் பரிமாறுவார்கள், வீட்டில் பணம் இல்லாத வாரத்தில் என்ன சமைத்தார்கள் என்பவை அவற்றில் சில. கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வந்தன. அடுப்பில் ஏதாவது இருக்கும்போது கேட்டால் மட்டுமே பேச்சு வருகிறது என்பதையும் கவனித்தேன். மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் போகிறது. மணமோ அந்த வழியில் நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு நேராகத் தொடர்பு கொள்கிறது. நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டபோது "ஒண்ணும் ஞாபகம் இல்லை" என்ற ஒருவர், வெங்காயம் சிவக்கும் நேரத்தில் தன் அக்காவைப் பற்றி நிறுத்தாமல் பேசினார். அதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இத்தனை சொன்ன பிறகு, வந்த பக்கங்கள் எத்தனை என்று கேட்பீர்கள். ஒரு மெல்லிய கோப்பில் அடங்குகிற அளவுதான் வந்திருக்கிறது. "அடுத்த மாதம் தருகிறேன்" என்றவர்கள் பலர். ஆண் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் இது சமைப்பவர்கள் வேலை என்று விட்டுவிட்டார்கள். சாப்பிட்டவருக்கும் நினைவு உண்டு, தராசு பிடிக்கக் கையும் உண்டு. உங்கள் வீட்டில் சமைப்பவருக்கு எழுத நேரமில்லை என்றால், ஒரு நாள் பக்கத்தில் நின்று நீங்கள் எழுதுங்கள். இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறேன்.

அப்புறம், பாத்திரத்தைத் திருப்பி அனுப்பிய விவகாரம். ஒரு கூட்டத்தில், காலையில் வடித்து மூடி வைத்திருந்த சோற்றை மாலையில் பரிமாற வேண்டாம் என்றேன். கொண்டுவந்தவர் மனம் வருந்தியது எனக்குத் தெரியும். ஆனால் அந்த முடிவு சரியானது, இனியும் அதையே செய்வேன். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால்தான் "ஒரு சூடு காட்டினால் போதாதா" என்ற கேள்விக்குப் போதாது என்றேன். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. ஒன்று 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியாக இருக்க வேண்டும். முன்கூட்டியே சமைப்பவர்கள் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். மேசையில் முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும் உட்காருகிறார்கள். பால், முட்டை, மீன், இறால், வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள், கோதுமை, சோயா ஆகியவற்றில் எது சேர்ந்திருந்தாலும் பாத்திரத்தின் முன் சீட்டு வைப்பது இந்த ஆண்டு முதல் கட்டாயம். சிலர் இன்னும் வைப்பதில்லை. ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளையின் தாய் ஒவ்வொரு பாத்திரமாகக் கேட்டுக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வரவு செலவைப் பொறுத்தவரை, இடத்துக்கான செலவும் எரிவாயுவும் வழக்கம்போல் ஆயின. குறிப்பேட்டுக்குத் தாள், அச்சு, மேற்சொன்ன இரண்டு கருவிகள் ஆகியவை கூடுதல். கையிருப்பு கடந்த ஆண்டைவிடக் குறைவு என்றாலும் பற்றாக்குறை இல்லை. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். முழுச் சந்தாவையும் செலுத்தியவர்கள் பாதிக்குச் சற்று அதிகம்தான். முடியாதவர்களை மன்றம் ஒருபோதும் வற்புறுத்தாது, தலைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முடிந்தும் தள்ளிப் போடுபவர்களின் பங்கை, தவறாமல் செலுத்துகிறவர்கள்தான் சுமக்கிறார்கள். இதைத் தயவுசெய்து நினைத்துப் பாருங்கள்.

வழிகாட்டிய தலைவர், கணக்கைச் செம்மையாக வைத்த பொருளாளர், செயற்குழுவினர், கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் நின்று பாத்திரம் துலக்கியவர்கள், அடுப்படியைத் திறந்துவிட்ட குடும்பங்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன். குறிப்பேட்டு வேலையைத் தனி ஒருவர் இழுத்துக்கொண்டு போக முடியாது. செயலாளர் பொறுப்பில் யார் இருந்தாலும் இதற்கென ஒரு சிறு குழு தேவை. அப்படி ஒரு குழு அமைந்தால் நான் எந்தப் பொறுப்பிலும் தொடரத் தயார். அமையாவிட்டால், சேர்ந்த பக்கங்களை முறையாக ஒப்படைத்துவிட்டு சாதாரண உறுப்பினராக மேசையில் உட்காருவேன். குழுவில் சேர விரும்புகிறவர்களுக்கு எழுத்துத் திறமை வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு மாலை, ஒரு வீட்டு அடுப்படியில் நின்று எடையையும் பேச்சையும் குறித்துக்கொள்ளும் பொறுமை இருந்தால் போதும்.

அடுத்த கூட்டத்துக்கு அன்றைக்கு வீட்டில் என்ன சமையலோ அதையே கொண்டு வாருங்கள், சீட்டோடு. குறிப்பேட்டுத் தாள்கள் நுழைவு மேசையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. குழுவில் சேருவோருக்கான பெயர்ப் பட்டியலும் அங்கேதான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு அதன் அருகிலேயே இருப்பார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்