முக்கொம்புக் கூடலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள உறவினர்களுக்கும், உறவினர்களாகவே ஆகிவிட்ட நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆடிப்பெருக்கை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, திருச்சிக்கு அருகே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் கூடிக் கட்டுச்சோறு உண்ணும் எங்கள் குடும்ப வழக்கம் இந்த ஆண்டும் குறைவின்றி நடந்தேறியது. அதற்கு உழைத்தவர்களுக்கு எங்கள் குடும்பத்தார் அனைவர் சார்பிலும் இம்மடலை எழுதுகிறேன்.

இவ்வழக்கம் 1977 நவம்பரில் திருச்சியை மூழ்கடித்த வெள்ளத்தில் பிறந்தது என்பதை இளையவர்களில் பலர் அறியமாட்டார்கள். கோரையாறும் அரியாறும் கரையுடைத்து ஊருக்குள் புகுந்தபோது, மாடி வீட்டில் குடியிருந்த பெரிய அத்தையிடம்தான் உறவினர் அனைவரும் ஒதுங்கினார்கள். நெடுநாள் பேச்சுவார்த்தை அற்றிருந்த தாத்தாக்கள் இருவர் அந்த மாடியில் ஒரே பாயில் படுக்க நேர்ந்தது. தண்ணீர் வடிந்ததும், "சாவுக்கும் வெள்ளத்துக்கும் மட்டுந்தானா நாம் ஒன்று சேர வேண்டும்? வருகிற ஆடிக்கு எல்லோரும் ஆற்றங்கரைக்கு வந்துவிடுங்கள்" என்று அத்தை கண்டிப்பாகச் சொன்னார், யாரும் மறுக்கவில்லை.

முதல் சில ஆண்டுகளில் பாசஞ்சர் ரயிலில் எலமனூரில் இறங்கி, தூக்குவாளிகளைச் சுமந்தபடி நடந்தே சென்றார்கள். தணலில் வாட்டிய வாழையிலையில் நல்லெண்ணெய் மினுங்கும் புளியோதரையை அழுத்தி வைத்து, ஓரத்தில் ஒரு துண்டு வடுமாங்காயைச் செருகி, வாழைநாரால் அத்தை கட்டிய பொதிகளை இன்றும் பெரியவர்கள் நினைவுகூர்கிறார்கள். அதே கட்டுமுறையை இந்த ஆண்டு இளைய தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த மதினிக்கு முதல் நன்றி.

ஆண்டுதோறும் யார் வந்தார், யார் அரிசியும் வெல்லமும் கொடுத்தார், வராதவர் ஏன் வரவில்லை என்று நோட்டில் எழுதிவைத்த ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. அந்த நோட்டு இல்லையேல் எங்கள் கூடலுக்கு வரலாறே இருந்திராது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படாமல் செப்டம்பர் வரை தள்ளிப்போன 2012-இல் ஆற்றில் மணல்தான் இருந்தது. பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சுரந்த நீருக்கு மஞ்சளும் காதோலை கருகமணியும் படைத்தார்கள் என்பதை அவர் எழுதியிருக்கிறார். 2018 ஆகஸ்டில் முக்கொம்பிலுள்ள கொள்ளிட மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தில் உடைந்து விழுந்ததும், ஆர்தர் காட்டன் காலத்து அணைக்கு இப்படி ஒரு நிலையா என்று அவர் மனம் வருந்தியதும் அதில் உள்ளன. கொரோனாவால் கூடல் நடத்த முடியாத 2020-க்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வீட்டுக்கு வீடு பொதி கொண்டு சேர்த்த பிள்ளைகளைக் குறித்து வைத்துள்ளார்.

மருமகள்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இது பிறந்த வீட்டார் கூடல் என்று பெருமை பேசிய ஆண்டுகளிலும், விடியுமுன் எழுந்து அடுப்பில் நின்றவர்கள் வாழ வந்த பெண்கள்தாம். அவர்களுக்கு உரிய நன்றியை எங்கள் குடும்பம் காலத்தில் சொல்லவில்லை என்பதே என் கருத்து. இம்முறை தேங்காய் துருவுவது முதல் அண்டா கழுவுவது வரை பொறுப்பேற்ற மாப்பிள்ளைகளும் மைத்துனர்களும் அடுத்த ஆண்டும் அப்பணியைத் தொடர வேண்டுகிறேன்.

வெயிலிலும் முகம் சுளிக்காமல் முதியவர்களை வாசல் வரை ஏற்றி இறக்கிய வேன் ஓட்டுநர்கள், பூங்காவில் நிழலான இடம் காட்டி உதவிய பணியாளர்கள், குழந்தைகள் குளித்து முடிக்கும்வரை இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று காவல் காத்த உள்ளூர் இளைஞர்கள் ஆகியோருக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி. ஓடும் நீரில் அந்த இளைஞர்கள் இல்லாமல் பிள்ளைகளை இறக்க எங்களுக்குத் துணிவு வந்திராது.

சித்தப்பாவின் நோட்டைப் படியெடுத்து வீட்டுக்கு ஒன்றாகத் தர முடிவு செய்துள்ளோம். தொடக்க ஆண்டுகளின் புகைப்படங்கள் எவரிடமேனும் இருப்பின் தைப்பொங்கலுக்குள் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
பெரிய அத்தையின் பேரப்பிள்ளைகள் சார்பில்