விநியோகிக்கப்பட்ட தீர்ப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் கட்டுரைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. சென்ற வாரம் கைக்கு வந்த பக்கங்களில் ‘நீதிபதி தீர்ப்பை விநியோகித்தார்’ என்று ஒரு வரி இருந்தது. ‘டெலிவர்’ என்ற வினைக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை மொழிபெயர்த்தவர் அப்படியே எடுத்து வைத்துவிட்டார். ‘வழங்கினார்’ என்று திருத்தினேன். அடுத்த பத்தியிலேயே அதே வினை வேறொரு வேடத்தில் வந்து நின்றது, அதனால்தான் இக்கடிதம்.

பொருளை வாசலுக்குக் கொண்டுவந்து கொடுப்பதுதான் இன்று அச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் வேர் ‘கட்டற்ற’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லில் இருக்கிறது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, ‘விடுவி’ என்பதோடு ‘கைவிட்டு ஒப்படை’ என்ற பொருளையும் சுமந்து வந்தது. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும் என்ற வேண்டுதலிலும் இதே வினைதான்; இயேசுவைப் புறஜாதியாரிடம் ஒப்புக்கொடுப்பார்கள் என்ற இடத்திலும் இதே வினைதான். காப்பாற்றுவதையும் பிடித்துக் கொடுப்பதையும் ஒரே சொல் சொல்கிறது. தமிழாக்கியவர்கள் இரண்டையும் பிரித்து வைத்தது நல்லதாயிற்று.

பிரசவத்தைப் பற்றிய வழக்கு இதைவிடச் சுவையானது. அந்தப் பழைய ஆங்கிலத்தில் ‘டெலிவர்’ ஆகிறவள் தாய். சுமையிலிருந்து விடுபடுகிறவள் அவள்தானே. பிற்கால வழக்கில் மருத்துவர் எழுவாயாகவும் குழந்தை செயப்படுபொருளாகவும் மாறிவிட, தாய் வாக்கியத்துக்கு வெளியே போய்விட்டாள். தமிழிலோ அவள் குழந்தையைப் ‘பெறுகிறாள்’. ஒரே நிகழ்ச்சியை அங்கே அனுப்புதலாகவும் இங்கே அடைதலாகவும் பார்க்கிறார்கள், ‘டெலிவரி ஆயிற்றா?’ என்று கேட்ட அடுத்த மூச்சிலேயே ‘என்ன குழந்தை பெற்றாள்?’ என்றும் கேட்கும் நமக்கு இந்த முரண் உறுத்துவதில்லை.

அனுப்புதலே இல்லாமலும் இச்சொல் வரும். ஆங்கிலச் சட்ட வழக்கில் ஒரு பத்திரத்தை எழுதிக் கொடுப்பவர், அதற்குக் கட்டுப்படும் எண்ணத்தை வெளிப்படுத்திவிட்டால் போதும். தாள் அவர் மேசையை விட்டு நகராவிட்டாலும் அது ‘டெலிவர்’ ஆனதாகவே கொள்ளப்படும். வாட்ஸ்அப்பில் இரண்டு சாம்பல் நிறக் குறிகள் தெரிந்தால் செய்தி எதிராளியின் கைபேசியைச் சேர்ந்துவிட்டது என்றுதான் பொருள். படித்தார் என்று பொருளில்லை. உரை, பந்து ஆகியவற்றில் சிக்கல் இல்லை: ஆற்றுகிறோம், வீசுகிறோம்.

எனவே எது கைமாறுகிறது, யார் விடுபடுகிறார் என்று பார்த்த பிறகே தமிழ் வினையைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. ‘விநியோகி’யைத் தவிர்க்கத் தெரிந்தவர்கள்கூட எல்லா இடத்திலும் ‘வழங்கு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும் பலமுறை அப்படித்தான் தப்பித்திருக்கிறேன். அன்று அடுத்த பத்தியில் இருந்த வரி, ‘புதிய நிர்வாகம் வழங்கவில்லை’ என்பது. எதை வழங்கவில்லை என்று முன்னும் பின்னும் தேடிப் பார்த்தேன். மூலத்திலும் அந்த வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. ‘சொன்னதைச் செய்யவில்லை’ என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் ஒரு வாசகர்